ஆமாங்க சாமி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிப்பவர்கள் என்னைப் புத்திசாலி என்று நம்பி ஏமாந்துபோவார்கள். கோழிக்குஞ்சு மாதிரி பஞ்சுத் தொப்பி போட்ட காலர் மைக் ஒன்றை எங்கள் பங்குச் சாமியாருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதுவும் ஜிகினாத் தாள் சுற்றி, பிறந்தநாள் பரிசாக. கொல்லிமலையில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு உலகத்தின் எல்லா நோய்க்கும் மருந்து தன் கடையில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நான் வேதக்காரன் இல்லை. கிறிஸ்துமஸ் பிரியாணிக்காகக் கோவில் வாசலை மிதித்து, பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டவன்.

மாட்டிக்கொள்ளும்படியான பிரசங்கம் அது. சாமியார் பேசினால் சனங்களும் பேசுவார்கள். மன்னிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று முன்வரிசையைப் பார்த்து, "ஏனுங்க உபதேசியாரே, உங்க பலாவுல காய் களவு போச்சாமே, யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார். செபம் சொல்லிக் கொடுத்து, மணியடித்து, கோவிலைத் தன் வீடுபோலப் பார்த்துக்கொண்ட உபதேசியார் வாயைத் திறக்குமுன் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அவரு மச்சானேதானுங்க சாமி!" என்றது. கோவிலே சிரித்தது. "அப்ப மன்னிச்சாச்சுங்களா?" "பழுத்ததும் ஆளுக்குப் பாதின்னா மன்னிச்சிரலாமுங்க." சாமியார் ஒரு கருத்தைச் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் உபதேசியார் அடிவயிற்றிலிருந்து "ஆமாங்க சாமி!" என்பார். மிளகுக்கொடி ஏறிய மரத்தில் குருவி கலையும். அந்தச் சத்தம் வராமல் சாமியார் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

மலைக்குக் கீழே மில் வேலைக்குப் போன பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான் பிரசங்கத்தைப் போனில் பதிந்து இணையத்தில் போடத் தொடங்கினோம். அவர்களும் தங்கள் ஊர்க்குரலைக் கேட்டு அழுதார்கள். பிறகு யார் யாரோ கேட்டார்கள். 'அருமை ஃபாதர், ஆனால் பின்னால் ஒருவர் கத்துகிறார்' என்று எழுதினார்கள். நிபுணனாகிய நான் மைக்கோடு போய் நின்றேன். மைக்கையும் மீறி விழுந்தது அந்த "ஆமாங்க சாமி." ஒரு ஞாயிறு, பூசைக்கு முன்னால், சாமியார் அன்பாகத்தான் சொன்னார்: "உபதேசியாரே, பதிவு கெட்டுப்போகுதுங்க. மனசுக்குள்ள சொல்லுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். போனைப் பிடித்திருந்த நான் படம் ஆடும் அளவுக்குச் சிரித்தேன். அன்றிலிருந்து உபதேசியார் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள். அதன்பின் வந்த பிரசங்கங்கள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே ஆளும் இல்லை. புகழ் மட்டும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி எங்கெங்கோ போயிற்று. கடைசியில் சாமியாரும் ஒரு பட்டணத்துப் பங்குக்கு மாற்றலாகிப் போனார். அங்கே பெரிய கருவிகள் இருக்கின்றன என்று மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த மழைக்காலத்தில் உபதேசியார் படுத்த படுக்கையானார். எங்கள் மலையிலேயே குண்டனி நாடு என்கிற பக்கத்தில் இருக்கும் அவர் ஊட்டுக்குப் போயிருந்தேன். "சாமிய ஒருக்கா பாக்கோணும்" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலே மழையில் குடை இல்லாமல் நடந்து வந்தவர்தான் அந்தச் சாமியார். அந்த நம்பிக்கையில் போனில் அவருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: 'வர இயலாத சூழல். இந்த வாரப் பிரசங்கம் நோயாளிகளுக்கானது. போட்டுக் காட்டவும்.' கீழே இணைப்பு.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. கடை மேசை இழுப்பறையில் கிடந்த மைக்கைத் தேடி எடுத்தேன். தொப்பியைப் பாதி எலி தின்றிருந்தது. ஒரு போனில் பிரசங்கத்தை ஓடவிட்டு, கிழவரின் "ஆமாங்க சாமி"யை இன்னொன்றில் பிடித்து அனுப்பினால் சாமியார் ஓடி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மறுபடி போய் மைக்கை உபதேசியார் சட்டையில் மாட்டினேன். தெரிந்த குரல் பேசியது, தெரிந்த இடத்தில் நிறுத்தியது. உபதேசியாரின் வாய் பாதி திறந்தது. கை துழாவித் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டது.

"சொல்லுங்க உபதேசியாரே, இங்க யாரு உங்களத் தடுக்கறா?" என்றேன்.

துண்டைக் கொஞ்சம் விலக்கினார்.

"பதிவு கெட்டுப்போயிரும் கண்ணு."