பன்னெண்டு மூட்டை என்று சொன்னவர்

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பூ மார்க்கெட்டுக்கு இன்றைக்கு மல்லி எம்புட்டு வரும் என்பதில் என்னை ஏமாற்றின ஆள் கிடையாது.

மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம். பரவையில் எங்கள் வீட்டில் ஒரு நாள், சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, சோறு ஆறுது."

"பிரபஞ்சம் பொறந்த புதுசுல எப்படி ஊதிப் பெருத்துச்சுன்னு ரெண்டு கணக்கு இருக்கும்மா. ஒண்ணு, இப்படித்தான்னு அடிச்சுச் சொல்லுது. இன்னொண்ணுல ஏகப்பட்ட திருகு, திருகினா எதுக்கும் பொருந்தும். வானத்துல எடுத்த அளவு ரெண்டுக்குமே ஒத்துப்போகுது. எதை நம்புறது?"

"இதுக்கா சோறு வேணாங்குற? மார்க்கெட்டுல ரெண்டு தரகர் இருக்காங்க. ஒருத்தர், அஞ்சு மூட்டையும் வரலாம், அம்பதும் வரலாம்பார். என்னைக்காச்சும் தப்புவாரா? மத்தவர் பன்னெண்டும்பார். பன்னெண்டோ பதிமூணோ வந்து இறங்கும். நீ யாரைக் கேட்டுச் சரக்கு எடுப்ப? எல்லாத்தையும் சொல்லி வச்சவருக்கு ஒண்ணு பலிச்சா என்னடி பெருமை?"

எச்சில் கையோடு எழுந்துபோய் நோட்டில் எழுதினாள். அந்த வாரம் பூராவும் நான் நிமிர்ந்துதான் நடந்தேன்.

பட்டம் கொடுக்குமுன் எல்லோர் எதிரிலும் கேள்வி கேட்பார்களாம். அதற்கு என்னையும் கூப்பிட்டாள்.

"பூக்கூடை வேணாம்மா. பின்னாடி உட்காரு."

இடம் பத்தாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கிலீஷில் பேசினாள். நடுவில் திரையில் ரெண்டு ஆள், பக்கத்தில் மூட்டைகள். எனக்குப் புரிந்துவிட்டது. கேள்வி கேட்க வந்த பெரியவர் சிரித்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "உதாரணம் பிரமாதம்மா. யார் சொன்னது?"

எழுந்திருக்கத் தோதாக முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"ஏதோ புத்தகத்துல படிச்சேன் சார்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது, பதற்றத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றே முதலில் நினைத்தேன். பெற்றவளுக்கு அப்படித்தானே தோன்றும். கூடை வேண்டாம் என்றது, பின்னால் உட்கார வைத்தது, யாருக்கும் காட்டாமல் வாசல் கேட்டுக்குக் கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டது, ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்த நினைப்பு மெலிந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் வந்தாள்.

"கோவமாம்மா? பதட்டமா இருந்துச்சு. தூக்கமும் இல்ல. அவரு பெரிய ஆளு, சொன்னா நம்ப மாட்டாரு. நேரமும் இல்ல, அதான்…"

அத்தனை காரணமும் பொருந்தத்தான் செய்தது. வெட்கமாக இருந்தது என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

சோறு போட்டேன்.