கயிறு தெரிகிற குதிரை

என் குதிரை மறுபடி பறக்கப்போகிறது! ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளுக்காகப் பழைய மாயாஜாலப் படம். செய்தி போனில் வந்ததும் துறையூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கயிறு படமா?" என்றாள்.

ஒரே தீபாவளிக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் குதிரை பறந்தது, மற்றதில் சிங்கம் பேசியது. நாங்கள் அப்போது குடியிருந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் மொத்தமும் சிங்கத்தின் பின்னால் ஓடியது; அக்காவும் ஓடினாள். குதிரையைத் தூக்கிய கயிறு திரையில் தெரிந்துவிட்டதாம். ஊரே சிரித்தது, படம் பெட்டிக்குள் சுருண்டது. நான் அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தேனே, சத்தியமாக எனக்குக் கயிறு தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது, வானம், வானம். அன்று முதல் அக்கா பார்க்காமலே கேலி செய்கிறாள், நானும் விடாமல் சண்டை போடுகிறேன். இருவருக்கும் நரைத்தும் தீரவில்லை. ஒரு தடவை அவள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி, இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தா காந்தி மார்க்கெட்ல உன் குதிரைக்கு நல்ல கயிறா பாத்து வாங்கியிருப்பேனே!"

"வாயை மூடிக்கிட்டு ஏறுக்கா, பஸ் கிளம்புது."

காவிரிப் பாலத்தில் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது. நான் அப்போதே பறந்துகொண்டிருந்தேன்.

மண்டபத்தில் ஜமக்காளம் கொள்ளாமல் பிள்ளைகள். பின்னால் நாற்காலிகளில் நாங்கள். படத்தைத் துடைத்துப் புதிதாக்கியிருந்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே, நீலம் நீலமாகவே எரிந்தது. குதிரை வந்தது. இளவரசி ஏறினாள். எழும்பியது! துடைத்த துடைப்பில் கயிறும் துலங்கிவிட்டது. ஒன்றல்ல, இரண்டு, வெள்ளிக் கம்பி மாதிரி.

அக்கா வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து கத்தினாள். "ஐயோ, கயிறு!"

போச்சு, என்று கண்ணை மூடினேன்.

"அந்துடப் போகுது!"

மண்டபமே எழுந்து நின்றது. "கீழ பள்ளம்! பள்ளம்!" "கெட்டியா பிடிச்சுக்கோங்க இளவரசி!" "ஆட்டாத, ஆட்டாத!" ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குதிரை மலை உச்சியில் ஊசலாட, அத்தனை பிஞ்சு நெஞ்சுகளும் கூடவே ஊசலாடின. கயிறு தெரியாமல் பார்த்த எனக்கு அன்று இந்தப் பயம் கிடைக்கவில்லை. அப்படியானால் பாதிப் படத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன்!

திரும்பினேன். அக்கா நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள், கைப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு.

"என்னக்கா, பிடிக்கலேன்னா கிளம்பலாமா?"

"உட்காருடி பேசாம! நல்லாருக்கான்னு மட்டும் கேட்டுடாத. இடது பக்கத்துக் கயிறு நைஞ்ச மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு முதல்ல பத்திரமா இறங்கட்டும்."