ஸ்கூட்டர் காசில் வந்த ரேஸ் கார்

பெட்டியின் மேல் 'ஓடத் தயார்' என்று ஆங்கிலத்தில் கொட்டை கொட்டையாகப் போட்டிருந்தது. பச்சைப் பொய். ரிமோட்டில் ஓடும் அந்த ரேஸ் கார் ஒரு முழம்கூட இருக்காது. அதற்கு பேட்டரி தனியாக வாங்க வேண்டுமாம். பேட்டரிக்கு சார்ஜர் தனி. சார்ஜ் ஏறும்போது பேட்டரி தீப்பிடித்தால் வீடு எரியாமல் இருக்க ஒரு பை, அதுவும் தனி. கடைக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா சார்? போட்டின்னா டயர் வேற வேணும். இந்த ரிமோட்டும் ஆகாது" என்றார். கத்தியதில் இரண்டு சாமான் கூடியதுதான் மிச்சம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். பணமோ, என் மனைவி ஸ்கூட்டருக்காகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துப் போடுகிறாள். ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் முட்டி வீங்கிவிடும். "கொஞ்சம் எடுத்துக்கறேன், ரேஸ்ல ஜெயிச்சு ஸ்கூட்டரோட வரேன்" என்று நான்தான் அளந்தேன். "சரி, எடுத்துக்குங்க" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததில் ஸ்கூட்டரே கரைந்துவிட்டது.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை.

"ஸ்கூட்டர் விலை ஆச்சுல்ல? அப்ப அது வண்டிதான். வண்டின்னா பூஜை போடணும். கிளம்புங்க" என்றாள்.

பிள்ளையார் கோயில் வாசலில் எங்களுக்கு முன்னால் மாலை போட்ட பெரிய புதுக் கார் ஒன்று நின்றது. அதற்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நான் எங்கள் காரைத் தரையில் இறக்கினேன். குருக்கள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் தொழில்தான் ஜெயித்தது.

"டூ வீலரா, ஃபோர் வீலரா? கட்டணம் வேற வேற" என்றார்.

"சக்கரத்தை எண்ணிக்குங்க சாமி" என்றாள் என் மனைவி. ஃபோர் வீலர் ரசீதே கிழித்தார்கள்.

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். பழமும் சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. கார் ஏற மாட்டேன் என்றது.

"நசுங்கினாத்தான் திருஷ்டி போகும். நன்னா அழுத்துங்கோ."

அழுத்தினேன். சக்கரம் அங்கேயே சுற்றித் தோலைச் சீவியது. சாறெல்லாம் குருக்கள் மேல் தெறித்தது. பிறகு ஒரே பாய்ச்சல். முன்னால் நின்ற பெரிய காரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. அந்த வீட்டம்மா கண்ணாடியை இறக்கி, "பூஜை போட்ட அன்னிக்கே இடிச்சிட்டாங்களே!" என்று அழ ஆரம்பித்தார். நான் தரையில் மண்டியிட்டு, வேட்டியெல்லாம் குங்குமமாக, ரிவர்ஸ் எடுத்தேன். என் மானம் அங்கேயே கப்பலேறியது.

ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த போட்டிக்கு மனைவி லீவு போட்டுவிட்டு வந்தாள். நுழைவுக் கட்டணத்தையும் அழுதுவிட்டு காரைக் கிளப்பினேன். முதல் வளைவில் திரும்பாமல் நேரே போய்த் தடுப்பில் மோதியது. முன்சக்கரம் ஒன்று கழன்று தனியாக ஓடியது. அந்தச் சக்கரம் மட்டும் வளைவில் அழகாகத் திரும்பியது. கடைக்காரர் அங்கேயும் வந்திருந்தார்.

"முன்பக்கத்துக்கு அலுமினிய பார்ட் இருக்கு சார், உடையவே உடையாது" என்றார். நான் அவரை அடிக்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

திரும்பும்போது டவுன் பஸ். கண்டக்டர் என் மனைவிக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட் கிழித்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணு, காருக்கு லக்கேஜ் ஒண்ணு" என்றார்.

"உடைஞ்ச காருங்க."

"உடைஞ்சா எடத்தை அடைக்காதா?"

அன்றைக்கு எனக்குச் செலவு வைக்காமல் வந்தது அவள் ஒருத்திதான்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்தோம். தெருமுனை தாண்டியதும் அவள் ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முட்டி வலியில் முகம் வெளுத்திருந்தது. தாங்கிக்கொள்ளப் போனேன். ஒரு கையில் கார், மறு கையில் பேட்டரியும் சார்ஜரும் டயரும் அடைத்த பை. அவளைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. காரை ரோட்டில் வைக்கக் குனிந்தேன்.

"ஐயோ, கீழ வைக்காதீங்க, எவனாவது ஏத்திடப் போறான்" என்றாள். "எனக்குன்னு இருக்கிற ஸ்கூட்டர் அது ஒண்ணுதாங்க."