மார்கழிப் பனியில் தண்ணீர் குடிக்காத குட்டிகள்

குதிரை வைத்தியம் பார்ப்பவனுக்கு ஊசி போடுகிற வேலையைவிடத் தண்ணீர் குடிக்க வைக்கிற வேலைதான் அதிகம். குட்டி வளர்ப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். மார்கழிப் பனி இறங்கியதும் குட்டிகள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும். தின்ற காய்ந்த சோளத்தட்டை குடலில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

சளிப் பயம்

விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சளி பிடிக்கும் என்று பயந்து உச்சி வெயிலில் மட்டும் குட்டிக்கு அரை வாளி தண்ணீர் காட்டி வந்தார். குட்டி போட்ட லத்தி கோலிக்குண்டு மாதிரி காய்ந்து விழுந்தது. வெதுவெதுப்பாக, கேட்கிற மட்டும் கொடுங்கள் என்றேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பிள்ளைக்கு இந்தப் பனியில இப்படித்தான் தண்ணி குடுப்பீகளா டாக்டரு?"

கேன் தண்ணீர்

திருத்தங்கலில் அச்சகம் நடத்தும் வீட்டில் கதை நேர் எதிர். கேன் தண்ணீரைச் சுட வைத்துக் குட்டிக்கு வைத்தார்கள். அது மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றது. பிறந்ததிலிருந்து போர்வெல் தண்ணீரின் உப்புக்குப் பழகிய வாய். அந்தத் தண்ணீரையே சூடாக்கி வைத்ததும் மூச்சு விடாமல் உறிஞ்சியது. எனக்கு நிம்மதி, வீட்டம்மாவுக்கு மனத்தாங்கல்.

"நாங்க குடிக்கிற தண்ணி அதுக்கு அம்புட்டு எளக்காரமாப் போச்சா?"

தீ வாளி

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். பட்டாசுக் கம்பெனி முதலாளி வாங்கிய குட்டியைப் பார்த்துக்கொண்டவர், அதே கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெருமாள்சாமி. சாக்கைத் தைத்துக் குட்டிக்குப் போர்த்திவிடுகிற அளவுக்குப் பிரியம். கம்பெனிப் பழக்கத்தில் லாயத்து வேலியிலும் தீயணைக்கிற வாளிகளை நிரப்பி மாட்டியிருந்தார்.

நான் போனபோது குட்டி படுத்துப் புரண்டு கொண்டிருந்தது. எழுப்பி நிறுத்தினோம். அவர் வாளியில் தண்ணீர் கொண்டு வந்ததும் அது வெடுக்கென்று முகத்தைத் திருப்பியது. ஏன் என்று கேட்டேன். வேலி வாளியில் வாய் வைக்கும்போதெல்லாம் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி விரட்டியிருக்கிறார். குடிக்கத் தண்ணீர் வைத்ததும் அதே மாதிரி வாளியில்தான். நிறைந்த வாளிக்கு முன்னால் அது தாகத்தோடு நின்றிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் ஏற்றினேன். குடல் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குட்டி போய்விட்டது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாக்கை இழுத்து அதன் முகத்தை மூடிவிட்டுச் சொன்னார்:

"எம்புட்டுத் தாகமா இருந்தாலும் அந்தத் தண்ணியத் தொடக் கூடாதுன்னுதான் எங்களப் பழக்குனாங்க சார். நானும் அதையே பழக்கிட்டேன்."

இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் எந்த வாளியை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன், அதனால் பாதிப் பேர் என்னை வாஸ்து பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.