மெழுகுக்குள் இருந்த மூன்று சுரப்பிகள்

பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பன்னிரண்டாம் ஆண்டில் நாக்கு அண்ணத்தில் ஒட்டத் தொடங்கியது. ஊர்ப்பெயர்கள் பாதியில் நின்றன. கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். அழுதாலும் நீர் வரவில்லை.

மருத்துவர் என் கீழுதட்டின் உட்புறம் கீறி, சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பினார். உடலைக் காக்கும் வெள்ளணுக்களே சுரப்பியைத் தாக்கும் நோய் இது என்றால், அவை அங்கே கூட்டம் கூட்டமாகக் குழுமியிருக்கும். அறிக்கையில் நான்கே சொற்கள் இருந்தன: கூட்டங்கள் இல்லை. நோய் இல்லை.

அதைக் கண்ட மேலாளர், "வேலையைத் தவிர்க்க நடிக்கிறார்" என்று என் கோப்பில் எழுதி, தவறவிட்ட பொருள்கள் அறைக்கு என்னை மாற்றினார். அந்த வரி நீங்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

"எச்சில் வரலைன்னு யாராவது லீவு கேப்பாங்களாடி? உங்க மாமா கேட்டுட்டுச் சிரிக்கிறாரு" என்றாள் அக்கா, தொலைபேசியில்.

"சிரிக்கட்டும்க்கா. அவருக்கு வாய் ஈரமா இருக்கு."

அதன்பின் அவள் அழைப்பது குறைந்தது.

நூலகத்தில் மருத்துவ நூல்களை அகராதியின் துணையோடு படித்தேன். ஐம்பது அணுக்களாவது சேர்ந்திருந்தால்தான் ஒரு கூட்டம். நான்கு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை கூட்டம் என்பதே கணக்கு. என் அறிக்கையில் பரப்பளவே இல்லை. அதைக் கேட்டு ஆய்வகத்துக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டுகள் மட்டுமே வந்தன. நான்காம் முறை நேரில் போனேன்.

திசுவை மெழுகில் பதித்துச் சீவுகிற பெண்மணி என் மெழுகுக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"துண்டு ரொம்பச் சின்னதும்மா. வீணாகிடக் கூடாதுன்னு மேலாக ஒரே ஒரு சீவல் எடுத்தேன். மிச்சத்தைப் பின்னாடி யாராவது கேட்டா வேணுமேன்னு வச்சிருக்கேன்."

"யாரும் கேக்கலையா?"

"நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

அவர் எனக்காகவே சேமித்திருந்தார். அந்தச் சிக்கனத்தால்தான் நான் பொய்க்காரியானேன். கோபப்பட ஆள் கிடைக்காமல் நின்றேன்.

ஆழமாகச் சீவியபோது முழுச் சுரப்பிகள் மூன்று வெளிப்பட்டன. புதிய அறிக்கை: பதினொரு சதுர மில்லிமீட்டரில் ஏழு கூட்டங்கள். நான்கு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரை; நோய் என்று சொல்ல ஒன்று வந்தாலே போதும். இரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போக, மருத்துவர் நோயை உறுதிசெய்து கையெழுத்திட்டார்.

மேலாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். அடித்த கோட்டுக்கு அடியிலும் அதைப் படிக்க முடிந்தது. நகல் கேட்டேன், கொடுத்தார்.

"அப்ப நான் மறுபடி மைக்குக்கு வரலாமா, சார்?"

"நோய் இருக்குன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்களேம்மா. இனிமே எப்படி உங்களை அங்க உட்கார வைக்கிறது?"

மாலையில் அக்காவை நானே அழைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"சரி, இதுக்கு மருந்து இருக்கா?"

"எச்சில் ஊற மாத்திரை இருக்கு. முழுசாக் குணமாகாது."

"அப்ப இவ்வளவு அலைஞ்சு உனக்கு என்னடி கிடைச்சது?"

"நான் நடிக்கலைக்கா."

"தண்ணி குடிச்சியா?" என்றாள் அக்கா.

குடித்தேன் என்றேன். அவள் தொலைபேசியை வைத்த பிறகே எழுந்து போய்க் குடித்தேன்.