மீதியைக் காட்டவும்

என் மருமகன் ஒரே ஒரு எழுத்தைக் கொண்டு இந்தக் கூடத்துச் சுவர் முழுவதையும் நிரப்பிவிடுவார். சுவர் என்றது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். கணினித் திரையில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும், மறுகை விரல் கூட்டல் குறியைத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கம் ஒரு சுற்றுப் பருக்கும். நானூறு சதவீதம் வந்ததும் நிறுத்தி, நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "மடங்கிச்சா?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார்.

திரை வாய் திறக்காது. அவரே குனிந்து பார்த்து, "மடங்கல" என்பார். நல்ல நாளாக இருந்தால், "மடங்கிடுச்சு". மகளைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் இவர் குடைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பக்கத்தை எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு பெரிசாக்கறீங்க? படிக்கவா?"

"நான் படிக்கறதில்ல அத்தை. கண்ணு சரியாத் தெரியாதவங்க பிரவுசர்ல பெரிசாக்கித்தான் படிப்பாங்க. அப்ப எது எது உடையுதுன்னு பாக்கறேன்."

"யாரு உடைச்சது?"

"யாரும் உடைக்கல. பெரிசாக்கினா உடையும்."

"அப்ப பெரிசாக்காம விட்டுட வேண்டியதுதானே?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபமில்லை, நானும் ஒரு பக்கம் மாதிரி, எங்கே உடைந்திருக்கிறேன் என்று தேடுகிற பார்வை. பிறகு அன்றைய செய்தித்தாளை எடுத்து என் முன் விரித்து, வலது பாதியைத் துண்டால் மூடினார்.

"ஒரு வரி நம்ம வீட்டுல ஆரம்பிச்சு அடுத்த வீட்டுல முடியுதுன்னு வைங்க. முதல் பாதியப் படிச்சிட்டு, மீதிக்கு அடுத்த வீட்டுக்குப் போறீங்க. அடுத்த வரிக்குத் திரும்ப இங்க வரணும். வந்தா எந்த வரியில இருந்தோம்னு தெரியாது. ஒரு பக்கம் படிக்கறதுக்குள்ள கால் வலிச்சிடும். அதனால வரி திரை ஓரத்துலயே மடங்கிக் கீழ வந்துடணும். படிக்கறவங்க கீழ மட்டும் இறங்கினாப் போதும். அவ்வளவுதான் என் வேலை."

அவ்வளவுதான் என்றால், காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். மாடிவீட்டு அம்மாள் கேட்டபோது, "காகிதம் இல்லாமலே காகிதம் மடிக்கிறார்" என்றேன். அவரும் தலையாட்டினார்.

மருமகனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்காது, செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் படிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு துண்டுதான் தெரியும், அது எப்படியிருக்கும் என்று பழகுவதற்காம். அந்தக் குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடப்பார். கதவில் இடித்திருக்கிறார், அலமாரியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையிலும் வைத்துக்கொண்டு, "அத்தை, உப்பு எந்தப் பக்கம்?" என்பார். கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். குழலுக்குள் வராத பொருள் அவருக்கு இல்லாத பொருள். அரைமணி தேடுவார். அவராகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் நாங்கள் யாரும் சொல்லக் கூடாது. என் மகள் மட்டும் கரண்டியால் அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்து, "ஆபீஸ் வேலைய ஆபீஸோட வெச்சுக்குங்க" என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய கண் சுத்தமான கண். தெருமுனையில் வரும் பேருந்தின் எண்ணை, அது திரும்புவதற்கு முன்பே படித்துவிடுவார்.

ஏழு மாதமாக ஒரே பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண் மருத்துவமனையின் பக்கம். அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் எந்த வாரம் எந்தச் சொட்டு மருந்தை எத்தனை முறை விட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. படிக்கப் போகிறவர் எல்லாருக்கும் கண்ணில் அப்போதுதான் கத்தி பட்டிருக்கும். ஆனால் பக்கத்தைச் செய்தவர்கள் கழுகுக் கண் உள்ளவர்களுக்காகச் செய்திருந்தார்கள். பெரிதாக்கினால் வரிகள் திரையைத் தாண்டி எங்கோ ஓடின. மேலே ஒட்டிக்கொண்டு கூடவே வரும் பெயர்ப் பட்டையும் சேர்ந்து பருத்து, திரையில் பாதியை விழுங்கியது. மருந்து விவரம் ஒரு சாக்கடைக் கம்பி இடுக்கில் தெரிவதுபோல் தெரிந்தது. இவர் பட்டையைப் பிடுங்கி ஓரிடத்தில் உட்காரவைத்தார். பெட்டிகளின் ஓரக்கோடுகளை எல்லாம் இடம் அடைக்கின்றன என்று அழித்தார். ஒவ்வொரு வரியாக மடக்கினார். மூன்று வாரத்துக்கு முன் புதிய பக்கம் இணையத்தில் வெளியானது. அன்று மாலை கணினியை மூடிவிட்டு, குழலைக் குப்பைக்கூடையில் போட்டார்.

மறுவாரம் புதிதாக ஒன்று சுருட்டிக்கொண்டார். புகார்கள் வரத் தொடங்கியிருந்தன.

மொத்தம் பதினேழு. எழுதியவர் பெயர் கிடையாது, வாசகம் மட்டும்தான். அச்செடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். "பக்கம் நகரவில்லை." "முழுதும் வரவில்லை." அவற்றில் ஒன்பது, ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரே மாதிரி: "பக்கம் சிக்கிக்கொண்டது. மீதியைக் காட்டவும்."

"மீதின்னு ஒண்ணு இல்லவே இல்லயே. எல்லாமே அங்கதானே இருக்கு" என்று சோற்றைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லாப் பெரிசாக்கிப் பாத்தீங்களா?" என்றேன், உதவியாக இருக்கட்டுமே என்று.

அவருடைய மேலாளர் தொலைபேசியில் பேசுவது அடுத்த அறைவரை கேட்கும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் பழைய பக்கத்தையே திரும்பப் போட்டுவிடப் போவதாகவும், மருமகனை வேறு பிரிவுக்கு மாற்றப் போவதாகவும் சொன்னார். ஒரு பக்கத்தை நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து நின்று, உன் தொலைபேசி எண்ணைக் கொடு என்று மறிக்குமே ஒரு பெட்டி, அதைச் செய்கிற பிரிவாம் அது. மருமகன் போனை வைத்துவிட்டு மறுபடி பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நானூறு சதவீதம், முந்நூறு, இருநூற்றைம்பது. எல்லாவற்றிலும் மடங்கியது. மடங்க மடங்க அவர் முகம்தான் விழுந்துகொண்டே போனது. சரியாக இருப்பது எப்படித் தப்பாகும்? எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. வீட்டில் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

வியாழக்கிழமை காலை சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மருமகனின் அம்மா. ஊரின் மறுகோடியில் தனியாக இருப்பவர். ஒரு கண்ணில் அறுவை முடிந்து நான்கு வாரம் ஆகிறது. மறுநாள் மாலை மருத்துவரைப் பார்க்க மகன் கூட்டிப்போக வேண்டும். தபால் நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவர், இரண்டு சொல்லில் முடிவதற்கு மூன்றாவது சொல் செலவழிக்க மாட்டார். பைக்குள்ளிருந்து முதலில் வந்தது சேலையல்ல, மடிக்கணினி.

"இன்னிக்கு விட வேண்டிய மருந்து பச்சை மூடியா நீல மூடியான்னு தினமும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேக்க வேண்டியிருக்கு, சம்பந்தி. முன்னெல்லாம் பாதியாவது படிப்பேன். இப்ப அதுவும் போச்சு" என்றபடி மேசையில் திறந்தார். மகன் எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினார். பக்கம் பருத்தது. மடங்கியது.

சுவரோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த மருமகனின் கை அப்படியே நின்றுவிட்டது. அது அவர் ஏழு மாதம் மடக்கிய பக்கம்.

சம்பந்தியம்மா திரைமேல் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். "நாலாவது வாரம், பச்சை மூடி…" விரல் வரியின் ஓரத்துக்கு வந்தது. அங்கே கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கவில்லை. இன்னொரு கை மவுஸைப் பிடித்துத் திரையின் அடியில் போய் எதையோ துழாவியது.

"என்னம்மா தேடற?"

"கட்டைய. பக்கத்தை இழுக்கறதுக்கு அடியில ஒரு கட்டை இருக்கும்ல. மூணு வாரமாக் காணோம்."

"அது வேணாம்மா. இழுக்கவே வேணாம். அதுக்குத்தான்…"

"இழுக்காம மீதி எப்படிடா வரும்?" வலது அம்புக்குறிப் பொத்தானை ஆறுமுறை குத்தினார். பக்கம் அசையவில்லை. "பாத்தியா. சிக்கிக்கிச்சு."

"மீதி கீழதான் இருக்கு. அடுத்த வரியில."

"அது அடுத்த வரி. நான் கேக்கறது இந்த வரியோட மீதி." சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, "என் பிள்ளைக்கு எப்பவுமே அவசரம்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவே பட்டது. பத்து வருடமாக எந்தப் பக்கத்தைப் பெரிதாக்கினாலும் பாதி வரி வெளியே போய் நின்றிருக்கிறது. வெளியே எதுவும் இல்லை என்று திடீரென்று ஒருநாள் சொன்னால் யார் நம்புவார்கள்?

மருமகன் காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இதைப் பத்தி அந்தப் பக்கத்துல புகார் ஏதாவது எழுதினியா?"

"எழுதினேன்."

"எத்தனை தடவை?"

"ஒம்பது. பதில் வந்திருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன். அது உன் வேலைன்னு எனக்கென்ன தெரியும்? நீ எங்க சொன்ன, மடிக்கிற வேலைன்னுதானே சொன்ன."

என் மகள் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. குழலை எடுத்துக் கண்ணில் வைத்து, அம்மாவின் தோளுக்குமேல் குனிந்து, திரையின் வலது ஓரத்தையே பார்த்தார். வெள்ளை. வரி முடிந்த இடத்திலும் வெள்ளை, திரை முடிகிற இடத்திலும் வெள்ளை. பக்கம் முடிந்ததா, மறைந்திருக்கிறதா என்று சொல்ல அங்கே ஒரு பொட்டுகூட இல்லை. "கோட்டை அழிச்சது நான்தான்" என்று குழலுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அன்று முழுவதும் அவர் செய்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நோட்டில் போடுவதுபோல, வலது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் சாம்பல். ஏழு மாத வேலைக்குப் பிறகு ஒரு கோடு. இதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மேலாளர் கூப்பிட்டார்.

"கோடு போட்டாப் படிச்சிடுவாங்களா?"

"தெரியல சார். இப்ப எங்கம்மா உக்காந்து பாக்கப் போறாங்க. அந்த ஒம்பது புகாரும் அவங்களோடதுதான்."

"சரி, நான் லைன்லயே இருக்கேன். அவங்களா படிக்கட்டும். நீங்க வாயத் திறக்கக் கூடாது. படிச்சிட்டாங்கன்னா பக்கம் இருக்கட்டும், நீங்களும் இந்தப் பிரிவுலயே இருங்க. இல்லன்னா பழசு."

போனை மேசையில் வைத்துவிட்டு, மருமகன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். சம்பந்தியம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்து மணி மருந்து தாமதமாகிறது என்ற ஒரே எரிச்சலில் அவர் வந்து உட்கார்ந்தார். கூட்டல், கூட்டல், கூட்டல். விரல் வரியில் ஏறியது. "நாலாவது வாரம், பச்சை மூடி…" விரல் ஓரத்துக்கு வந்து கோட்டைத் தொட்டது. நின்றது. மவுஸ் பக்கம் இருந்த கை ஒருமுறை எழுந்தது. அந்தக் கை மவுஸைத் தொடாமல் மடியில் போய் விழுந்தது. விரல் இடப்பக்கம் திரும்பி வந்து, ஒரு வரி கீழே இறங்கியது.

"…சொட்டு மருந்து, நாளுக்கு இரண்டு முறை. நீல மூடி, இந்த வாரத்தோடு நிறுத்தவும்." அடுத்த வரி. அதற்கடுத்தது. ஐந்தாவது வாரம், ஆறாவது வாரம். கடைசி வரிவரை இறங்கிவிட்டு, "முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாம்ல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு மடிக்கணினியை மூடி, பச்சை மூடியைத் தேடிப் போனார். போனிலிருந்து, "சரி, இருக்கட்டும்" என்று ஒரு குரல் வந்தது.

அந்த நொடியில் மருமகன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். குழலை உத்தரத்துக்கு வீசினார். அவர் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்தார்.

இந்த இடத்தில், நான் எழுத எழுத என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மகள் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"ஏம்மா இப்படி அளக்கற? அவர் எங்க எழுந்தாரு? மாடிவீட்டுக்காரங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல. நான் பக்கத்துலதானே நின்னேன். அத்தை விரல் ஒவ்வொரு வரியா இறங்க இறங்க, இவரும் தன் முழங்கால் மேல விரலை வெச்சு அதே மாதிரி குறுக்க போயி, திரும்பி, கீழ இறங்கின்னு வந்துட்டே இருந்தாரு. அத்தை எழுந்து போனது, போன் பேசினது எதுவும் அவருக்குக் கேக்கல. அவர் விரல் அதுக்கப்புறமும் ஒரு வரி கீழ போச்சு."