தகட்டில் நின்றுபோன ஓட்டம்

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் குளித்து, காப்பி குடித்து, அம்பத்தூர் வீட்டின் கிழக்கு ஜன்னலோரம் மேசையைத் துடைத்தேன். பழைய வேட்டித் துணியால் மைக்ராஸ்கோப்பின் வில்லைகளையும் துடைத்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது.

நான் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிக ஆசிரியன். மேசையில் இருந்த மைக்ராஸ்கோப் தாவர இயல் துறையிலிருந்து இரவல் வாங்கியது. உயிரணுவைச் சாயம் ஏற்றிக் கொல்லாமல், ஒளியைக் கொண்டே அதன் உள்ளோட்டத்தைப் பார்க்கலாம் என்று எங்கள் பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன். திங்கள் பிற்பகல் அவர் வந்து பார்ப்பார். ஓட்டம் தெரிந்தால் கருவி என்னிடம் இருக்கும், ஆராய்ச்சியும் நடக்கும். இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

அம்பத்தூர் ஏரியில் எடுத்துவந்த வேலம்பாசியின் இலையொன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். அடியில் கறுப்புத் தாள் வட்டம் ஒட்டி நேர்வெளிச்சத்தை மறைத்திருந்ததால், இருட்டின் நடுவே உயிரணுக்கள் சுடர்ந்தன. உள்ளே பச்சை மணிகள் சுவரோரமாக நகர்ந்தன. சற்று நேரத்தில் நின்றுவிட்டன. வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி, இலையை மாற்றி, கருவியின் அடியிலுள்ள கண்ணாடியால் இன்னும் வெயிலைத் திருப்பினேன். அந்த இலையிலும் ஓட்டம் நின்றது.

தாவர இயல் துறை நண்பர் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா மாமே, உயிரோட காட்டுறேன்னே. எல்லாம் செத்துக் கீது."

"இப்பத்தான் ஓடிச்சு. உன்னப் பாத்துதான் நின்னுபோச்சு."

"பழிய எம்மேல போடாதே. மைக்ராஸ்கோப்பப் பொட்டியில வை, எடுத்துகினு போறேன்."

தகட்டை எடுக்கப் போனேன். விரல் சுட்டது.

தண்ணீர் ஒளியைக் கடக்கவிட்டுச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான். ஒளி ஒளி என்று கூட்டியதில், கூட வந்த சூட்டை நினைக்கவேயில்லை. தட்டையான மருந்து பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வெயிலுக்குக் குறுக்கே நிறுத்தினேன். புது இலை வைத்தேன்.

நண்பர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஓடுது மாமே. சுத்திச் சுத்தி ஓடுது."

"பொட்டியில வெக்கட்டா?"

"சும்மா இருய்யா. நாளைக்கு உங்க பெரியவரு பாக்கட்டும். அவரு வேணாம்னா வந்து தூக்கிகினு போறேன்."

போகுமுன் இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் ஏரிக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி, புதுப் பாசியை ஏரித் தண்ணீரோடு செம்பில் எடுத்துக்கொண்டு வந்தேன்.